பால்மரத்தைக் கடித்தவர்கள்

ரப்பர் மரம் நமக்காகப் பால் சுரக்கவில்லை. பட்டையைக் கடிக்க வரும் வண்டு, புழு வகையறாக்களின் வாயை ஒட்டி வைக்க அமேசான் காட்டில் ஒரு மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. கடித்த பூச்சிக்கு அதோடு வாய்ப்பூட்டு. குலசேகரம் பக்கம் பால் வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்: சட்டையில் பால் பட்டால் சட்டைதான் போகும், பால் போகாது. இவ்வளவு தெளிவாக மரம் எழுதி ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படிக்காமல், பெரிய பெரிய மனிதர்களெல்லாம் வரிசையில் நின்று கடித்தார்கள்.

உள்ளூர்க்காரர்கள் மட்டும் விவரமாக இருந்தார்கள். மெக்சிகோ பக்கத்து மழைக்காடுகளில் இதற்குத் தூரத்து உறவுகூட ஆகாத வேறொரு பால்மரம் உண்டு. அதன் பாலில், இரவில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு தாளிக்கொடியின் சாற்றைக் கலந்தால் இழுவையான கெட்டிப் பொருள் கிடைக்கும் என்பதை 3,500 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்து என்ன செய்தார்கள்? பந்து விளையாடினார்கள். கம்பெனி தொடங்கவில்லை, கடன் வாங்கவில்லை. 1528இல், மெக்சிகோவைப் பிடித்த கோர்டேஸ் இந்த ஆட்டக்காரர்களில் சிலரை ஸ்பெயினுக்கு அழைத்துப் போய் ராஜா முன்னால் ஆடவிட்டான். பந்து தரையில் விழுந்து தானாக மேலே வந்தது. மயிரைத் திணித்துத் தைத்த தோல்பந்தைப் போட்டால் போட்ட இடத்திலேயே கிடந்து பழகிய ஐரோப்பியர்கள் வாய் பிளந்தார்கள். பிளந்துவிட்டு, இருநூறு ஆண்டுகள் அதை மறந்தும் போனார்கள். தங்கம் தேடப் போனவன் கண்ணுக்குப் பந்து எங்கே தெரியும்?

அடுத்து வந்தவர் லா கோண்டமின் என்ற பிரெஞ்சு அறிஞர். பூமி உருண்டைக்கு இடுப்பில் தொப்பை இருக்கிறதா, இல்லையா என்று பாரிஸில் பெரிய சண்டை. அளந்து பார்த்துச் சொல்ல 1735இல் ஒரு கூட்டத்தைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். தொப்பை உண்டு என்பது பிற்பாடு உறுதியானது. ஆனால் போன இடத்தில் மனிதருக்குக் கிடைத்த நல்ல சரக்கு கறுத்த ரப்பர் உருண்டைகள்தான். 1736இல் பாரிஸுக்கு அனுப்பிவைத்தார். பிற்பாடு அமேசான் வழியாக இறங்கி வரும்போது, ஒமாகுவா மக்கள் ரப்பரில் பேரிக்காய் வடிவக் குடுவை செய்து, முனையில் குழல் செருகி, பீச்சாங்குழலாகப் பயன்படுத்துவதைப் பார்த்தார். விருந்துக்கு வருகிறவர்களுக்கு இலை போடுவதற்கு முன்னால் ஆளுக்கொரு பீச்சாங்குழல் தருவார்களாம். எதற்கு என்று நான் விளக்கப் போவதில்லை. வயிற்றில் இடம் வேண்டுமல்லவா? பிரேசிலில் இன்றைக்கும் அந்த மரத்துக்குப் பீச்சாங்குழல் மரம் என்ற பொருளில்தான் பெயர் வழங்குகிறது.

ஐரோப்பா இந்த அற்புதப் பொருளை வைத்துச் செய்த முதல் காரியம், பென்சில் எழுத்தை அழித்தது. ஆக்சிஜன் ஆராய்ச்சிக்குப் பேர்போன ஜோசப் பிரீஸ்ட்லிதான் 1770இல் அதை எழுதிவைத்தார். அதுவரை ரொட்டித் துணுக்கால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் தேய்ப்பது என்ற சொல்லிலிருந்துதான் ரப்பர் என்ற பெயரே வந்தது. விமான டயருக்கும் அதே பெயர், நாம் மூன்றாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் கடன் வாங்கித் திருப்பித் தராத சாமானுக்கும் அதே பெயர்.

1823இல் கிளாஸ்கோவில் மேக்கின்டாஷ் என்பவர் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைத் தடவி மழைக்கோட்டு செய்தார். மழையில் நனையாது, சரிதான். வெயில் ஏறினால் உருகும், குளிரில் விறைத்து நிற்கும், எப்போதும் நாறும்.

இந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறேன் என்று கிளம்பியவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். ரசாயனம் படித்தவரல்ல, வியாபாரம் நொடித்துப் போனவர். கடனுக்காகச் சிறைக்குப் போவது அவருக்கு மாமியார் வீட்டுக்குப் போவது மாதிரி. தபால் இலாகா கேட்டது என்று 150 பை செய்து வைத்தார். வெப்பத்தில் அத்தனையும் உருகி வழிந்தன. தொப்பி, கோட்டு, பூட்ஸ் எல்லாம் ரப்பரில் போட்டுக்கொண்டு ஒருவர் தெருவில் வந்து, அவருடைய ரப்பர் மணிபர்ஸில் ஒரு காசும் இல்லாவிட்டால் அவர்தான் குட்இயர் என்று ஊர்க்காரர்கள் அடையாளம் சொன்னார்கள். 1839இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டது. உருகவேண்டியது தோல்போல் கெட்டிப்பட்டது. ஆளுக்கு விடிவுகாலம் என்று நினைத்தால், வழக்கு மேல் வழக்கு. 1855இல் பிரான்ஸ் அவருக்குப் பெரிய விருது கொடுத்தபோது, அவர் அந்த நாட்டிலேயே கடன்காரர் சிறையில் இருந்தார். 1860இல் செத்தபோது கடன் ஏறக்குறைய 2 லட்சம் டாலர். அவர் பெயரில் டயர் கம்பெனி வந்தது 1898இல். அதற்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் நம் கதாநாயகர் ஹென்றி விக்கம். அமேசான் கரையில் சாந்தரேம் பக்கம் விவசாயம் பண்ண வந்த ஆங்கிலேயர். அவர் கைராசிக்கு எதை நட்டாலும் விளங்காது. கூட்டிவந்த உறவினர்களில் சிலரை அங்கேயே புதைத்ததுதான் மிச்சம். அப்படிப்பட்டவரிடம் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்காக ஒரு ஒப்பந்தம் வந்தது: ரப்பர் விதை கொண்டுவா, ஆயிரத்துக்கு 10 பவுண்டு. எண்ணிக்கைக்குக் கூலி என்றதும் மனிதர் 70,000 விதையை வாழையிலை வைத்துக் கூடை கூடையாகக் கட்டிவிட்டார். 1876இல் கப்பல் ஏறியது சரக்கு. மகாராணியின் பூங்காவுக்குப் போகும் மென்மையான தாவர மாதிரிகள் என்று சொல்லிச் சுங்கத்தைத் தாண்டியதாகப் பின்னாளில் ரொம்பப் பெருமையடித்தார். அதை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று அப்போது சட்டமே கிடையாது என்பது வேறு விஷயம். திருடாமலே திருடன் பட்டம் வாங்கி, அதையே பதக்கமாகக் குத்திக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பிரேசில்காரர்கள் இன்னும் அவரைத் திட்டுகிறார்கள். திட்டட்டும், ஆனால் அவர்கள் திட்டி முடித்துக் குடிக்கிற காப்பி, 1727இல் பலேட்டா என்ற அதிகாரி பிரெஞ்சு கயானாவிலிருந்து கொண்டுவந்தது. ஆளுநரின் மனைவி பூச்செண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தாள் என்று கதை.

70,000இல் முளைத்தது சுமார் 2,700. பாதித் தூரத்திலேயே எண்ணெய் சிக்கு அடித்துப்போகிற விதைக்கு அது பரவாயில்லை. அதே வருடம் ஆகஸ்டில் 1,919 நாற்றுகள் இலங்கைக்குப் போய் ஹெனரத்கொடை தோட்டத்தில் வேர்விட்டன. அடுத்த வருடம் 22 சிங்கப்பூருக்கு. நட்டாகிவிட்டது, யாருக்கும் வேண்டாம். காப்பி, காப்பி என்று அலைந்த துரைமார்களிடம் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி சட்டைப்பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு கெஞ்சினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி நாள்கணக்கில் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவர் அந்தப் பைத்தியம்தான். 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடித்த டயர் மாட்டினார். பிறகு மோட்டார் கார் வந்தது. துரைமார்கள் ரிட்லி வீட்டு வாசலில் நின்றார்கள். இந்த வரிசையிலேயே வாய் ஒட்டாமல் தப்பியவர் அவர் ஒருவர். 83 வயதில் கல்யாணம் செய்துகொண்டு, 100 வயது கண்டு செத்தார்.

துரைமார்கள் கொடி நாட்டினார்கள். மரம் நாட்டியது யார்? தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணி ஆசை காட்டிக் கூட்டிப்போன நம் ஆட்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்து, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று இருட்டிலேயே கத்தியோடு ஓடினார்கள். மலேரியாவில் அவர்கள் செத்த கணக்கில் சிரிக்க ஒன்றுமில்லை. அதே காலத்தில் அமேசான் காட்டுப் புட்டுமாயோ ஆற்றங்கரையில் அரானா என்ற ரப்பர் முதலாளியின் ஆட்கள், பால் எடை குறைந்ததற்குப் பழங்குடிகளைச் சவுக்கால் அடித்தும் பட்டினி போட்டும் கொன்றார்கள். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் எழுதிய அறிக்கை 1912இல் வெளியானது. அதைப் படித்துவிட்டு இந்தக் கட்டுரையைத் தொடர்வது எனக்கே கஷ்டமாக இருந்தது.

காட்டு ரப்பர் பணத்தில்தான் பிரேசிலின் மனாவுஸ் நகரத்துக்கு ஓபரா அரங்கு வந்தது. நடுக்காட்டில், இத்தாலிச் சலவைக்கல், கிளாஸ்கோ இரும்பு, 36,000 வண்ண ஓடு பதித்த கோபுரம். 1896 டிசம்பர் 31 அன்று திறப்புவிழா. அழுக்குச் சட்டையை வெளுக்க லிஸ்பனுக்கு அனுப்பினார்கள் என்றுகூடச் சொல்வார்கள். 1913இல் ஆசியத் தோட்ட ரப்பர் பிரேசிலின் காட்டு ரப்பரை அளவில் தாண்டியது. கச்சேரி முடிந்தது.

கடைசியாக வந்தவர்தான் பெரும்பூச்சி: ஹென்றி ஃபோர்டு. டயருக்கு இனி யாரிடமும் கையேந்தமாட்டேன் என்று 1920களின் கடைசியில், விக்கம் விதை பொறுக்கிய அதே தபஜோஸ் ஆற்றங்கரையில் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் காட்டை வாங்கி, ஃபோர்ட்லாந்தியா என்று பெயர் வைத்தார். ஒரு தடவைகூட நேரில் போய்ப் பார்க்கவில்லை. சாராயம் கூடாது, ஓட்ஸ் கஞ்சி குடிக்கவேண்டும், மாலையில் அமெரிக்க நாட்டுப்புற நடனம் ஆடவேண்டும் என்று விதிகள் மட்டும் போயின. 1930 டிசம்பரில் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையில் நிற்கச் சொன்ன அன்று தொழிலாளர்களுக்குப் பொறுமை போயிற்று. வருகைப் பதிவுக் கடிகாரங்களை உடைத்தார்கள். மேலாளர்கள் படகேறி ஓடினார்கள்.

ஆளைச் சமாளித்தாலும் பூஞ்சணத்தைச் சமாளிக்க முடியவில்லை. அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று எட்டவே நிற்கும். இலைக்கருகல் பூஞ்சணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமலிருக்க அதுதான் வழி. கியூவுக்குப் போன விதையோடு அந்தப் பூஞ்சணம் கப்பலேறவில்லை. ஆசியாவில் நெருக்கி நட்டும் பிழைத்தது அதனால்தான். ஃபோர்டின் ஆட்களோ பூஞ்சணத்தின் சொந்த ஊரிலேயே கார் தொழிற்சாலைபோல வரிசை பிடித்து நெருக்கி நட்டு, அதற்குப் பந்தி விரித்தார்கள். ஏறக்குறைய 2 கோடி டாலரை விழுங்கிய இடத்தை 1945இல் 2,44,200 டாலருக்குப் பிரேசில் அரசிடமே தள்ளிவிட்டார்கள்.

பிரேசில் இன்றும் தனக்கு வேண்டிய இயற்கை ரப்பரில் கணிசமான பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது.