அகலத்துல மயங்காத, மருமவனே!

வீட்டுக்கு மானிட்டர் வாங்கப்போறேன், 34 இஞ்சு, அகலத்திரை, அதுலயும் வளைஞ்சதுன்னு உங்க அத்தைட்ட போன்ல சொன்னியாமே. 'புள்ளைக்கு வேல கூடிப்போச்சு போல, பெரிய பொட்டியா வாங்குதான்'னு அவ தெருவெல்லாம் சொல்லிட்டு வாரா. வேல கூடுனா சம்பளம்லா கூடணும், பொட்டி ஏன் கூடுதுன்னு நான் கேக்கல. கேட்டா ராச்சோத்துக்கு வழி இருக்காது.

வாங்கு, யாரு வேண்டாம்னா? ஆனா டவுன் தேட்டர்ல ஆபரேட்டரா இருந்து தலை நரைச்சவன் ஒன் மாமன். அகலத்திரையப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம கடைக்குப் போனா அது நம்ம குடும்பத்துக்கே அவமானம்.

அகலம் எதுக்காகப் பொறந்துச்சுன்னு தெரியுமா? அமெரிக்காக்காரன் வீட்டுக்கு வீடு டிவி வாங்கிட்டு தேட்டர் பக்கம் வராம உக்காந்துட்டான். அவன வெளிய இழுக்க 1953ல சினிமாஸ்கோப்ப எறக்குனாங்க. நம்ம தமிழுக்கு அது வந்து சேர 1973 ஆச்சு, 'ராஜராஜ சோழன்' படத்தோட. அந்த மாதிரி பிலிம வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா ஆளு ஒல்லிக்குச்சியா, நெடுநெடுன்னு இருப்பாரு. புரொஜக்டருக்கு முன்னால தனியா ஒரு லென்ச மாட்டுனாத்தான் பக்கவாட்டுல ரெண்டு மடங்கு விரிஞ்சு, சிவாஜி சிவாஜியா நிப்பாரு.

பெறவு 1980கள்ல கெர்ன்ஸ் பவர்ஸ்னு ஒரு எஞ்சினியர், இருக்குற சினிமாச் சட்டத்தையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாத்து, எல்லாத்துக்கும் நடுவாந்தரமா 16க்கு 9னு ஒரு கணக்குச் சொன்னாரு. டிவிக்காரன் அதப் புடிச்சுக்கிட்டான். கம்ப்யூட்டர்க்காரன் மொதல்ல 16க்கு 10னு கொஞ்சம் உயரம் விட்டுத்தான் செஞ்சான். அப்புறம் டிவிக்கு வெட்டுற அளவுலயே இதையும் வெட்டுனா செலவு மிச்சம்னு அவனும் 16க்கு 9க்கே எறங்கிட்டான். ஆக, இந்த அகலமெல்லாம் படம் பாக்கறவனுக்காக வந்தது. நீ வேல பாக்கறவன்னு உங்க அத்த நம்பிக்கிட்டு இருக்கா. அவ நம்பிக்கையில நான் மண்ணப் போடல.

நீ எழுதுற கோடு, படிக்கிற மெயிலு, மேனேஜர் அனுப்புற பத்துப் பக்கப் பஞ்சாயத்து, எல்லாம் மேலேருந்து கீழதான ஓடுது? அப்போ ஒனக்கு மொதல்ல வேண்டியது உயரம். அகலம் ரெண்டாவது. இத மனசுல முடிஞ்சு வச்சுக்கிட்டுக் கடைப்படி ஏறு.

கடைக்காரன் 'இஞ்சு'ன்னு சொல்லுதது மூலைக்கு மூலை அளவு. வயலு வாங்கப்போற எடத்துல ஒருத்தன் வடகிழக்கு மூலையிலேருந்து தென்மேக்கு மூலைக்குக் கயிறப் புடிச்சுக் காட்டி, 'இம்புட்டு நீளம், பணத்த எடு'ன்னா எடுப்பியா? மானிட்டருக்கு மட்டும் பல்லக் காட்டிக்கிட்டு எடுக்கே.

கணக்கப் பாரு. ஒங்கிட்ட இருக்குற அந்தப் பழைய 19 இஞ்சு சதுரப்பொட்டி 30 சென்டிமீட்டர் உயரம். 24 இஞ்சு அகலத்திரையும் அதே 30தான். 29 இஞ்சுன்னு 21க்கு 9ல ஒண்ணு விக்கான். அது உயரம் 29 கூட வராது. இஞ்சு ஏறுது, உயரம் எறங்குது, வெல மட்டும் எறங்கல. நீ ஆசப்பட்ட 34 இஞ்சு? 33 சென்டிமீட்டர் சொச்சம். 27 இஞ்சும் 33 சொச்சந்தான். அப்போ 34ங்கறது 27க்குப் பக்கத்துல 20 சென்டிமீட்டர் தாவாரம் எறக்குனது.

தாவாரம் வேண்டியவனும் இருக்கான், இல்லங்கல. வீடியோ வெட்டி ஒட்டுறவன், நீளநீளமா எக்செல் கட்டம் வச்சிருக்குற கணக்குப்புள்ள, ரெண்டு காயிதத்தப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுறவன், இவங்களுக்கு அது வரம். ஒனக்கு? மீட்டிங்ல முழுத் திரையையும் பகிர்ந்து காட்டுவே. எதிர்ல சின்ன லேப்டாப்புல பாக்கறவனுக்கு ஒன் எழுத்து எறும்பு ஊருற மாதிரி தெரியும். வேலய மறைக்கணும்னா அதுவும் ஒரு வழிதான், பொழைச்சுக்கோ.

அப்புறம் ஒன் மேச. மூணடி. அதுல 80 சென்டிமீட்டர் திரைய நிறுத்துனா பக்கத்துக்கு நாலு விரக்கட தேறாது. காப்பி டம்ளர மடியிலயா வச்சுக்குவே? கண்ணுக்கும் திரைக்கும் ஒரு கை நீளமாவது தூரம் வேணும். திரையோட மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா, இல்லன்னா கொஞ்சம் கீழ இருக்கணும். அதுக்குத்தான் ஏத்தி எறக்குற ஸ்டாண்டு இருக்கான்னு பாக்கச் சொல்லுதேன். அது இல்லாதத வாங்கிட்டு வந்து அடியில பழைய தீபாவளி மலர அடுக்காத, அதெல்லாம் நான் இன்னும் படிச்சு முடிக்கல. சன்னலுக்கு எதிரயும் வைக்காத, முதுகுக்குப் பின்னால சன்னல் வர்ற மாதிரியும் வைக்காத. சன்னல் பக்கவாட்டுல இருக்கட்டும்.

வளைவு பத்திப் பெருசாப் பேசுவான். '1800ஆர்'ம்பான். ஒண்ணுமில்ல, 1800 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்துல ஒரு துண்டு. அகலம் ரொம்பக் கூடும்போது ஓரம் ரெண்டும் கண்ணுக்கு எட்டத்துல போயிரக் கூடாதுன்னு வளைக்கான். 27க்கு அது அலங்காரந்தான்.

அடுத்து புள்ளிக்கணக்கு. 24 இஞ்சுல 1920க்கு 1080ன்னா இஞ்சுக்கு 92 புள்ளி, குத்தமில்ல. அதே 1080ய 27ல இழுத்து விரிச்சா 82க்கு எறங்கிரும், எழுத்து ஓரம் பிசிறடிக்கும். 27ன்னா 2560க்கு 1440 இருக்கான்னு கேளு, இஞ்சுக்கு 109 வரும். வெலப்பட்டியல்ல ரெண்டும் '27 இஞ்சு'ன்னுதான் போட்டிருக்கும். மலிவா ஒண்ணு கண்ணச் சிமிட்டுனா எதனாலன்னு இப்போ தெரியுதா?

144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ்னு ஒரு பாட்டுப் பாடுவான். நான் ஓட்டுன படமெல்லாம் நொடிக்கு 24 சட்டம். அதுலயே சனம் அழுதுச்சு, சிரிச்சுச்சு, தெரைக்குக் கற்பூரம் காட்டுச்சு. சுட்டு வெளையாடுறவனுக்கு 144 வேணும். ஒன் கோடும் மெயிலும் நொடிக்கு 144 தடவ மினுங்கி யாரச் சுடப்போவுது? 60 போதும், 75 கெடச்சா சந்தோசம்.

'கான்ட்ராஸ்ட் பத்து கோடிக்கு ஒண்ணு'ன்னு அட்டையில அடிச்சிருந்தா, அது 'டைனமிக்'குன்னு பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். நெசக் கணக்கு, ஐபிஎஸ்ங்கற திரை வகையில சாதாரணமா ஆயிரத்துக்கு ஒண்ணு, விஏங்கற வகையில மூவாயிரத்துக்கு ஒண்ணு, அவ்வளவுதான். ராத்திரி வெளக்க அணைச்சுட்டுப் படம் பாக்க விஏ நல்லாருக்கும், கறுப்பு கறுப்பாவே தெரியும். பகல்ல வேலையும், பக்கத்துல நின்னு பொண்டாட்டி புள்ளை எட்டிப் பாக்குறதும்னா ஐபிஎஸ். எந்தப் பக்கத்துலேருந்து பாத்தாலும் நெறம் மாறாது. ஒளிச்சு வச்சுப் பாக்கறது ஒனக்கு இருந்தா நீயே முடிவு பண்ணிக்கோ.

கேபிளையும் பாத்துக்க. ஒன் லேப்டாப்பு பழசு. அதுல எச்டிஎம்ஐ 1.4ன்னா 4கே திரைக்கு நொடிக்கு 30 தடவதான் தள்ளும், மவுசு அம்பு நொண்டி நொண்டி வரும். திரைய மாத்தப்போயி லேப்டாப்ப மாத்தி, லேப்டாப்பால மேசைய மாத்தி, கடைசில வீட்டையே மாத்துன ஆளுங்க நம்ம சாதி சனத்துலயே உண்டு.

சென்னை ரிச்சி தெருக் கடையிலயே வாங்கு, வேண்டாங்கல. ஆனா காச எண்ணுறதுக்கு முன்னால வெள்ளை, கறுப்பு, செவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு நெறத்தையும் முழுத் திரையில வரவச்சு, செத்த புள்ளி கெடக்கான்னு பாரு. ஒண்ணு ரெண்டு செத்தா கொறையே இல்லன்னு எழுதி வச்சிருக்குற கம்பெனியும் உண்டு. வாரண்டிக் காயிதத்த அங்கயே நின்னு படி. 'ஜிஎஸ்டி கொறஞ்சுட்டு, ஒங்களுக்குத்தான் லாபம்'னு கடைக்காரன் சிரிப்பான். 28லேருந்து 18க்கு 2025 செப்டம்பர்ல எறங்குனது 32 இஞ்சுக்கு மேல உள்ளதுக்கு. 27க்கெல்லாம் 2019லயே எறங்கிட்டு. நீயும் பதிலுக்குச் சிரிச்சுட்டு, பேரத்த ஆரம்பி.

ஆக, 27 இஞ்சு, 1440, ஐபிஎஸ், ஏத்தி எறக்குற ஸ்டாண்டு. இதுக்கு மேல நீ 34தான் வாங்குவேன்னா மேசையையும் சேத்து வாங்கு, நான் வாயத் தொறக்கல.

ஒரே ஒரு விசயம். அந்தப் பழைய 19 இஞ்சுச் சதுரத்த எக்சேஞ்சுல குடுத்துத் தொலச்சிராத. 'பராசக்தி' மாதிரி 1952ல வந்த படத்த ஒன் அகலத்திரையில போட்டா ரெண்டு பக்கமும் கறுப்பு நிக்கும். அத நெறப்பணும்னு இழுத்து விட்டா சிவாஜி மொகம் உப்பிப்போயிரும், பாக்கச் சகிக்காது. சதுரத்துல மேலயும் கீழயும் சன்னக் கறுப்போட அம்சமா உக்காரும். அதனால ஒனக்கு ஒதவாத அந்தப் பொட்டிய நல்லாத் தொடச்சு, வயரோட கட்டி, வெள்ளிக்கிழம ராத்திரி பஸ்ல போட்டு விட்டுரு. நான் சனிக்கிழம காலையில ஸ்டாண்டுல நிப்பேன். இவ்வளவு யோசன சொன்னவனுக்குக் கூலி வேண்டாமா?