சொப்புக்கு அரக்கு, நகத்துக்கு ஜெல்லு

ஏளா, புதுக் கண்ணாடி வாங்கித் தாரேன்னு சொல்லித்தான என்னைய அம்பையில இருந்து பஸ்ஸேத்துன? கண்ணாடி கைக்கு வந்ததும், "போற வழிதான் தாத்தா, பத்து நிமிசம்"னு நகம் பூசுத கடை ஒண்ணுக்குள்ள கொண்டு போயி உக்கார வச்சுட்ட. பத்து நிமிசமா அது? ஒன்றரை மணி நேரம். புதுக் கண்ணாடியப் போட்டு நான் மொத மொதலா வாசிச்சது அந்தக் கடைச் செவத்துல தொங்குன வெலைப்பட்டியல். வாசிச்சுட்டு அப்படியே கழத்திப் பையில வச்சுக்கிட்டேன்.

சரி, காசு ஒன் காசு. வார வெள்ளிக்கிழமை நிச்சயமும் ஒனக்குத்தான். வேண்டாம்னு நான் சொல்லலை. நாப்பது வருசம் கடைசல் பட்டறையில சொப்புச் சாமானுக்கு அரக்கு ஏத்துனவன் நான். பளபளப்பு ஆகாதுன்னு நான் சொன்னா என் வாயி அழுகிப் போவும். ஆனா அந்தக் கடைக்காரப் பிள்ள ஒன் விரலைப் பிடிச்சு வேலை பாத்ததப் பாத்தப்ப சில விசயம் தோணிச்சு. கேக்கியா? கேக்காட்டியும் சொல்லுவேன். வயசானவனுக்கு வேற என்ன சோலி?

மொதல்ல ஒன் நகம். "எனக்கு நகமே வளராதுக்கா"ன்னு அவகிட்ட முறையிட்ட பாரு, குடும்பச் சாபம் மாரி! வளராம என்ன? கைநகம் மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். நீ கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே மாசம் 4 மில்லிமீட்டர் கடிச்சுத் திங்க. கணக்கு ஒதைக்காதா?

குட்டை நகத்துல என்ன கொறைங்கேன்? சோறு பெசையலாம், மாங்காயத் தோலுரிக்கலாம், பிள்ளையத் தூக்குனா கீறாது. எதுத்த வீட்டு நர்சுப் பிள்ளையக் கேட்டுப் பாரு. நோயாளியத் தொடுத கையில நகத்து நுனி அரை சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், ஒட்டு நகம் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லி வச்சிருக்காம். கூகை மாரி நகம் வளத்துக்கிட்டு இட்லிய ஸ்பூனால குத்தித் திங்கவளப் பாத்து நீ ஏங்க. அவ ஒன்னையப் பாத்து ஏங்கணும்லா!

அந்தப் பிள்ள உப்புத்தாளைக் கையில எடுத்து, "ஸ்கொயரா, ஓவலா?"ன்னா. நீ ஸ்கொயருன்னுட்ட. நான் இருமுனேன். பட்டறை இருமல் இல்ல அது, புத்திமதி இருமல். குட்டை நகத்துக்கு நாலு மூலையும் வெட்டி வச்சா அது சீட்டுக்கட்டு. விரலே அகலமாத் தெரியும். மூலைய மழுக்கி, விரல் நுனி எப்படி வளைஞ்சிருக்கோ அதே வளைவுல விட்டா அங்ஙன ஒரு ஓட்டம் வரும். பொறவு வண்ணம் பூசுதப்ப ரெண்டு ஓரத்துலயும் மயிரிழை எடம் விட்டுப் பூசச் சொல்லணும். பாக்கவ கண்ணுக்கு நகம் ஒடிசலா, நீளமாத் தெரியும். சொப்புக் குடத்துக்குக் கழுத்துல ஒரு கோட்டை மெலிசா இழுத்து அதை ஒசரமாக் காட்டுவோம். அதே களவாணித்தனம்தான் இது.

பக்கத்து நாக்காலிக்காரி "எனக்கு ஷெல்லாக்"னு சொன்னப்ப என் காது நிமிந்துட்டு. ஷெல்லாக்குன்னா நம்ம அரக்குல்லா! இலந்தை மரத்துக் கிளையில பூச்சி கட்டுத பிசினு. அதை உருக்கிக் குச்சியாக்கி, கடைசல்ல சுத்துத கட்டை மேல அழுத்துனா, உரசுத சூட்டுல இளகி ஏறும். தாழை ஓலைய வச்சுத் தேச்சா மொகம் பாக்கலாம். அடேயப்பா, நம்ம தொழிலு ஏசி ரூமுக்கு வந்துட்டேன்னு ஒரு நிமிசம் நெஞ்சு நிமுத்தி உக்காந்தேன். பொறவுதான் நீ போனப் பாத்துச் சொன்ன. 2010ல அமெரிக்கக் கம்பெனி ஒண்ணு தன் நகப்பூச்சுக்கு வச்ச பேராம் அது. குப்பியில அரக்கு ஒரு சொட்டு கெடையாதாம். கருப்பட்டிக் காப்பின்னு போர்டு வச்சுட்டுச் சீனியப் போடுத கடை நம்மூருலயும் இருக்கு, யாரைக் குத்தஞ்சொல்ல?

ஆனா வேலை நம்ம வேலைதான். சாதா நெயில் பாலிசு காத்துல காயும். அதுல இருக்க திரவம் ஆவியாப் போயி, வண்ணம் மட்டும் தங்கும். ஜெல்லு அப்படிக் காயாது. நாள் முழுக்கக் காத்தாட வச்சாலும் பிசுபிசுன்னுதான் கெடக்கும். அந்தக் குட்டிப் பெட்டியில கைய விட்டதும் நீல வெளிச்சம் அடிச்சுதுல்லா, அது பட்டாத்தான் உள்ள ஒறங்குத மருந்து முழிச்சு, சின்னச் சின்னக் கண்ணியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துச் சங்கிலியாவும். ஒரு பூச்சுக்கு அரை நிமிசம், ஒரு நிமிசம். அடிப்பூச்சு ஒண்ணு, வண்ணம் ரெண்டு, மேல்பூச்சு ஒண்ணு.

இதுல நீ என்ன சொன்ன? "அக்கா, தடிமனா ஒரே வாட்டியாப் போட்டுருங்க, நேரமாவுது." அந்தப் பிள்ள சிரிச்சா. எங்க மேஸ்திரியா இருந்தா மண்டையில கொட்டிருப்பாரு. தடிமனா ஏத்துன அரக்கு வெடிச்சுத் தெறிக்கும். ஜெல்லும் அப்படியேதான். மேல இறுகி, வெளிச்சம் அடிவரைக்கும் போவாம உள்ள பச்சையா நிக்கும். பொறவு சுருங்கும், தூக்கும். மெலிசு மெலிசா ஏத்தி, நகத்து விளிம்பையும் சேத்து மூடுனாத்தான் ரெண்டு மூணு வாரம் நிக்கும். சதையில பட்ட பச்சை ஜெல்லைப் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாலயே தொடைச்சிரணும். ஏன்னு பைய சொல்லுதேன்.

இனி நெறம். பத்து விரலுக்குப் பத்து நெறம் கேட்ட. நிச்சயத்துக்குப் போறியா, தேருக்குத் தோரணம் கட்டப் போறியா? அப்பத்தான் அந்தப் பிள்ள, "நியூட் போடலாமே"ன்னா. எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. ஆச்சிகிட்ட இதைச் சொல்லிராத. தோல் நெறத்துக்குத்தான் அப்படிப் பேராம். சரி, யாரு தோலு? அவ நீட்டுன பெட்டியில பாதி வெள்ளைக்காரி தோலு. சுண்ணாம்பு கலந்த ரோசு. அதை நம்ம கையில பூசுனா வெள்ளையடிச்சுட்டுக் கை கழுவ மறந்தவ மாரி இருக்கும். விரல் முதுகுல வச்சுப் பாத்து, பால் விட்ட கருப்பட்டிக் காப்பி, இலவங்கப்பட்டை, லேசாச் செவந்த செங்கல்னு நம்ம பக்கத்து நெறத்த எடுக்கணும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நகம் வளர வளர அடியில பூச்சு இல்லாத பிறை ஒண்ணு தெரியும்லா? கண்ணாடி மாரி மெலிசான தோல் நெறத்துல அது மூணு வாரமானாலும் கண்ணுல படாது. அழுத்தமான நெறத்துல பத்து நாளுல பிறை கண்டுரலாம்.

அதை விட எனக்குப் பிடிச்சது அந்தப் பால்வெள்ளை. சுத்த வெள்ளை இல்ல, சுத்தத் தெளிவும் இல்ல. இளநுங்கு மாரி. உள்ள இருக்க ரோசு லேசாத் தெரிஞ்சும் தெரியாமலும் நிக்கும். நகத்துல இருக்க மேடு பள்ளத்தையும் மறைச்சிரும். அந்தப் பிள்ள "மில்க்கி வொயிட்"னா. நுங்குன்னு சொன்னா வெலை கொறைஞ்சிரும்னு நெனைச்சிருப்பா.

நுனியில மட்டும் வெள்ளை வைக்காவளே, பிரெஞ்சு மெனிக்யூர். அதைப் பிரபலமாக்குனது பிரான்சுக்காரன் இல்ல, அமெரிக்காவுல நகப்பூச்சுக் கம்பெனி நடத்துன ஜெஃப் பிங்க். 1970கள்ல, ஆலிவுட் நடிகைமாரு ஒவ்வொரு காட்சிக்கும் உடுப்பு மாத்துதப்ப நகத்தையும் மாத்தாண்டாம்னு கண்டுபிடிச்சது. எந்தச் சேலைக்கும் ஒத்துப்போற வரம்லா அது! ஆனா ஒன் நகத்துல அந்த வெள்ளைய அகலமா வச்சா வேட்டிக்குக் கரை போயி கரைக்கு வேட்டி ஆயிரும். பாதி நகத்த அதே முழுங்கிரும். ஊசியில கோத்த நூலு கனத்துக்கு ஒரு இழை போதும். வெள்ளைக்குப் பதில் பொன்னு இழையும் வைக்கலாம், பட்டுச் சேலை சரிகைக்குப் பதில் சொல்லும்.

வேலைப்பாடு வேணுமா? மோதிர விரல்ல மட்டும், அடிச்சதைக்கு மேல கடுகு கனத்துல ஒரு புள்ளி. இல்லைன்னா நகத்து நடுவுல மேலருந்து கீழ மெலிசா ஒரு கோடு. நெட்டுக்கோடு நீளமாக் காட்டும், குறுக்குக்கோடு குட்டையை இன்னும் குட்டையாக்கும். கல்லு, மணி, பட்டாம்பூச்சி எல்லாம் வேண்டாம். சாம்பாருக்குள்ள விழுந்து எவனாவது பல்லு போயிரும்.

அழுத்தமாத்தான் வேணும்னா நாவப்பழ நெறம். குட்டை நகத்துக்கு அது ஒரு மிடுக்கு தரும். ஆனா ஓரத்துல ஒரு பிசிறு இருந்தாலும் ஊருக்கே தெரியும், கைதேர்ந்தவதான் பூசணும். 2022ல அந்த அமெரிக்கப் பிள்ள ஹெய்லி பீபர் போட்டு ஒலகமே போட்டுதே, பண்ணு மேல சீனிப்பாகு ஊத்துன மாரி முத்துப் பளபளப்பு, அதுவும் நல்லாத்தான் இருக்கு. கண்ணாடியில பாத்தா பசிக்குது, அதான் கொறை.

ஒனக்கு இன்னும் சந்தேகம்னா ராணியம்மாவப் பாரு. 1989ல இங்கிலாந்து ராணி எலிசபெத்தோட தலையலங்காரக்காரர் எஸ்ஸிங்க நகப்பூச்சுக் கம்பெனிக்குக் கடுதாசி போட்டு ஒரே ஒரு குப்பி கேட்டாராம். பாலே ஸ்லிப்பர்ஸ்னு பேரு, இருக்கா இல்லையான்னு தேடணும், அம்புட்டு வெளுத்த ரோசு. மகுடத்துல வைரத்த வச்சிருந்தவ நகத்துல கத்தலை பாத்தியா? நீ சம்பளத்துல ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிச்சுட்டு பத்து விரலையும் மைக் வச்சுக் கத்தச் சொல்லுத.

அடக்கமான வேலைக்கு ஒரே ஒரு பரிச்சைதான் மக்கா. பாத்தவ "நகத்துக்கு எவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்டா நீ தோத்த. "கை லெச்சணமா இருக்கே"ன்னு சொன்னா செயிச்ச. நான் ஏத்துன அரக்க எந்தப் பிள்ளையும் பாத்ததில்ல. சொப்ப வச்சுச் சோறாக்கி வெளையாடிட்டுப் போயிருக்கு. அதுதான் எனக்குக் கூலி.

இப்ப சதையில பட்ட ஜெல்லு கதை. அதுல இருக்க அக்ரிலேட் சரக்கு பச்சையா தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா சிலருக்கு ஒவ்வாமை பிடிக்கும். அரிப்பு, வெடிப்பு, நகம் தூக்குதது. ஒருக்கா பிடிச்சா ஆயுசுக்கும் விடாதாம். பல்லு அடைக்க மருந்துலயும் அதே சாதிச் சரக்கு இருக்கு, எனக்கு ஒண்ணும் இல்ல, ஒனக்குத்தான் எழுவது வயசுல பல்லு வேணும். அதனால இணையத்துல மலிவுக்குக் கிட்டு வாங்கி ராத்திரி கட்டில்ல உக்காந்து பூசாத. டி.பி.ஓன்னு ஒரு மருந்து, வெளிச்சத்துல ஜெல்லை இறுக வைக்கது, அதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1ல இருந்து அழகுச் சாமான்ல தடை பண்ணிட்டு. குப்பியில எழுதியிருக்கத வாசி. ஒன் கண்ணு நல்லாத்தான இருக்கு.

அந்த வெளிச்சப் பெட்டியும் சும்மா இல்ல. 2023ல கலிபோர்னியாவுல ஆராய்ச்சி பண்ணி, தட்டுல வளத்த செல்லு மேல இருவது நிமிசம் அடிச்சுப் பாத்தா நூத்துக்கு இருவது முப்பது செத்துப் போச்சுன்னு எழுதுனாவ. அது தட்டுல இருந்த செல்லு, ஒன் கை இல்ல. பயப்படாத. ஆனா போறதுக்கு முன்னால கைக்கு வெயில் களிம்பு தடவு, இல்ல நுனி வெட்டுன கையுறைய மாட்டு. மாசம் பூரா போயி நிக்காத, ஒரு நாளு கெழமைக்குப் போடு.

கழத்துததுதான் பெரிய பாவம். ஓரத்துல தூக்குனதும் பலாச்சொளை உரிக்க மாரி பிய்ப்பியே, அதோட நகத்து மேல்தோலும் வரும். மேல்பூச்ச லேசா உப்புத்தாள்ல தேச்சுட்டு, அசிட்டோன் நனைச்ச பஞ்ச வச்சு, வெள்ளித்தாள் சுத்திப் பத்துப் பதினஞ்சு நிமிசம் சும்மா இரு. ஒனக்கு அதுதான் கஷ்டம், போனத் தொடாம பதினஞ்சு நிமிசம். அப்ப அடுப்பங்கரைப் பக்கம் போயிராத, அசிட்டோன் குப்புன்னு பிடிக்கும். பொறவு ராத்திரி ராத்திரி நகத்தடியில தேங்காண்ணெய். ஒங்க ஆச்சிக்கு இந்தக் கரைச்சலே இல்ல. மருதாணி அரைச்சு வச்சா அதோட சாயம் நகத்தோட நகமா ஒட்டி, வளந்துதான் போவும். தேய்க்கவும் வேண்டாம், கழத்தவும் வேண்டாம். ஒரே ஒரு நெறம்தான், அதை எதுத்துக் கேக்க ஆளும் கெடையாது.

கடைசியா ஒண்ணு. இதை யாருகிட்டயும் சொல்லப்படாது. நீ காசு குடுக்கப் போனல்லா, அப்ப அந்தப் பிள்ள என் எடது கட்டை விரலைப் பாத்துட்டா. உளி பட்டு நெட்டுக்கப் பிளந்த நகம், துண்டுல மாட்டி மாட்டி இழுக்கும். "தாத்தா, நெறமில்லாம ஒரு பூச்சு போட்டு விடட்டா? மாட்டாது"ன்னா. அங்கயும் இங்கயும் பாத்தேன். பெட்டிக்குள்ள விட்டேன். ஒரு நிமிசம். வீடு வந்து சேருத வரைக்கும் விரலைத் துண்டுக்குள்ள மறைச்சே வச்சிருந்தேன், பஸ்ஸுல கண்டக்டருக்குக் கூடக் காட்டலை.

ராத்திரி ஒங்க ஆச்சி தண்ணிச் செம்ப நீட்டுனா. மறதியா எடது கையையும் சேத்து நீட்டிட்டேன். கையைப் பிடிச்சு, வெளக்குக்கு நேராத் திருப்பிப் பாத்தா. நாப்பத்தாறு வருச சம்சாரம் முடிஞ்சு போச்சுன்னு நெனைச்சேன்.

"என்ன இன்னைக்கு, கைய நல்லாக் கழுவிருக்கியளோ? லெச்சணமா இருக்கு"ன்னா.

பரிச்சையில தாத்தன் பாஸு. இனி மூணு வாரம் கழிச்சு நீ போறப்ப என்னையும் கூப்பிடு. ஆச்சி கேட்டா, கண்ணாடியில பவரு சரியில்லைன்னு சொல்லிக்குவோம்.