அப்பாரு காருக்குப் பெரிய இன்ஜின் மாட்டுவது எப்படி?

முதலில் ஒரு அம்பாசிடர் வேண்டும். கொங்கு நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. பொள்ளாச்சி, உடுமலை, கோபி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்துச் சாலையில், தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில், அப்பாரு காலத்து மார்க் டூ ஒன்று நிற்கும். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தால் யோசிக்க வேண்டாம். கோழிக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு வண்டியை இழுத்து வாருங்கள்.

அதில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வம்சம், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அப்பாருக்கு அது போதுமாக இருந்தது. பழனிக்குப் போனார், பருத்தி மூட்டை ஏற்றினார், பெண் பார்க்கவும் அதிலேயே போனார். உங்களுக்குப் போதாது. அவிநாசி ரோட்டு மேம்பாலத்தில் ஒரு ஸ்விஃப்ட்காரப் பையன் உங்களைத் தாண்டிப் போயிருக்கிறான். அந்த ரோஷம்தான் இந்த வேலைக்கு முதல் ஸ்பேர் பார்ட்.

இன்ஜினுக்கு மெட்டடார் வேனைத் தேடுங்கள். "பென்ஸ் இன்ஜினுங்க" என்பார் விற்பவர். பொய்யில்லை; பஜாஜ் டெம்போ மெர்சிடிஸிடம் உரிமம் வாங்கிச் செய்த 2.4 லிட்டர் டீசல் அது. நேற்றுவரை ஒட்டன்சத்திரம் தக்காளிப் பெட்டியைச் சுமந்தது, உங்கள் பானெட்டுக்கு அடியில் வந்ததும் ஜெர்மன்காரன் ஆகிவிடும். "நல்லா ஓடிட்டு இருக்கறப்பவே கழட்டுனதுங்க" என்றும் சொல்வார். நன்றாக ஓடியதை எதற்குக் கழற்றினீர்கள் என்று கேட்பது மரியாதை ஆகாது.

அடுத்தது பட்டறை. கோவையில் பிறந்ததன் பலனும் பாவமும் இங்கேதான் தெரியும். வேறு ஊரில் யாராவது ஒரு மெக்கானிக் முடியாது என்று சொல்லி உங்களைக் காப்பாற்றிவிடுவார். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய இந்த ஊரில், கணபதிக்கும் பீளமேட்டுக்கும் நடுவே நூறு லேத்து சுற்றிக்கொண்டிருக்கும்போது, அப்படி ஒரு நல்லவர் கிடைப்பது கஷ்டம்.

"அண்ணா, இந்த இன்ஜின் இந்த கியர் பாக்ஸுக்குச் சேருங்களா?"

"சேராதுங்க தம்பி. சேத்திரலாங்க."

சேர்ப்பது ஒரு தட்டையான இரும்புத் தகடு. இன்ஜினின் போல்ட் ஓட்டைகள் ஒரு பக்கம், கியர் பாக்ஸின் ஓட்டைகள் மறுபக்கம், நடுவே இரண்டுக்கும் பொதுவாக இந்தத் தகடு. பார்க்க அடுப்புத் தட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் கிராங்கின் மையமும் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினால் புஷ் தேயும், கிளட்ச் பிளேட் கிழியும், ஆயில் சீல் அழும். டயல் கேஜை வைத்து, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றி, முள் ஆடுவதை நின்றபடி பார்க்கும் லேத்துக்காரரிடம் அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள். டீ ஆறட்டும். இந்த முழுக் காரியத்திலும் படிப்பு தேவைப்படுகிற இடம் அது ஒன்றுதான்.

இதற்குப் பிறகு எல்லாம் தானாகவே நடக்கும், உங்கள் பர்ஸிலிருந்து. சம்ப் போய் முன் கிராஸ் மெம்பரில் இடிக்கும். வெட்டி வெல்டிங் வையுங்கள். டீசலின் கனத்தில் வண்டி மூக்கைக் கவிழ்க்கும். டார்ஷன் பாரைத் திருகித் தூக்குங்கள். ரேடியேட்டர் போதாது. புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பார்க்க வேண்டும். 50 குதிரைக்குச் செய்த கிரவுன் பினியன் சீக்கிரமே ஊளையிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தொண்ணூறுகளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசிடருக்கு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் போட்டபோது கூடவே ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்துத்தான் போட்டது. அவர்களிடம் உங்கள் அளவுக்குத் துணிச்சல் இல்லை.

பிரேக் மாற்ற வேண்டுமா? நாலு சக்கரத்திலும் டிரம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது இதற்கு விடை தெரியாது. இறங்கும்போது தெரியும்.

தலைகீழாகச் செய்தவர்களும் உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985இல் ரோவர் காரின் நவீன உடம்புக்குள் வான்கார்டு காலத்துப் பழைய இன்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றது. சில வருஷத்தில் காரும் நின்றது, கம்பெனியும் நின்றது. இன்னொரு வழி நம்மூர் கரிவர்தனுடையது. மாருதி 800இன் 796 சி.சி. இன்ஜினையே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி எடை குறைந்த ரேஸ் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று நாடே ஓட்டியது. செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான். இன்ஜினைப் பெரிதாக்காமல் வண்டியைக் குறைப்பது புத்திசாலித்தனம் என்பதால் இந்தக் கையேட்டில் அதற்கு இடமில்லை.

கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸ். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. காஸுக்கும் பேட்டரிக்கும் வழி விட்டிருக்கிறார்கள். மெட்டடார் பெயரை அதில் காணோம். 2019 திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்கிற இடத்தில் நிறுத்தி, மேலே வெட்டியதையும் ஒட்டியதையும் விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் இதையேதான் எண்ணுவார்.

இதைவிட ருசியானது 2021 விதி. 50 வருஷத்துக்கு மேலான வண்டியை விண்டேஜ் என்று பதிந்து, 20,000 ரூபாய் கட்டி, 'வி.ஏ.' எழுத்துப் போட்ட தனி நம்பர் வாங்கலாம். நிபந்தனை ஒன்று: சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஆக, கோழி அடைகாத்தபோது அது விண்டேஜ் கார். இத்தனை லட்சம் செலவழித்த பிறகு அது அம்பாசிடர் மாதிரி இருக்கிற ஒரு வேன்.

விற்றுவிடலாம். விளம்பரத்தை இப்படி எழுதுங்கள்: 'மார்க் டூ, ஒரே குடும்பம் வைத்திருந்தது, பென்ஸ் இன்ஜின், மலை ஏறுவதில் சிங்கம்.' ஒரிஜினல் என்ற வார்த்தையை ஹாரனுக்கு மட்டும் போடுங்கள். வாங்க வருபவர் ஊட்டிக்காரராக இருந்தால் டெஸ்ட் டிரைவை காந்திபுரத்தோடு முடித்துக்கொள்வது நல்லது.