பூஜ்யத்தைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தரவும்

மாட்சிமை பொருந்திய வருமான வரித்துறையின் மேலான சமூகத்துக்கு, வரி கட்டும் குடிகள் பணிந்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தாங்கள் நலமாக இருப்பீர்கள். அதற்காகத்தானே மனுதாரர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் ராக்கண் விழிக்கிறார்கள்!

விஷயம் வங்கிக் கிளையின் எண்ணைப் பற்றியது. ஒரே கட்டடம், ஒரே மேனேஜர், நூல் கட்டிய ஒரே பேனா. ஆனாலும் அந்தக் கிளைக்கு மூன்று எண்கள். காசோலைக்கு எம்ஐசிஆர், 9 இலக்கம். பணம் அனுப்ப ஐஎஃப்எஸ்சி, 11 எழுத்து. வரி கட்டியதைச் சொல்ல பிஎஸ்ஆர், 7 இலக்கம். முதல் இரண்டும் காசோலையிலேயே அச்சாகியிருக்கும். மூன்றாவதைக் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் பக்கத்துக் கவுண்டரைப் பார்ப்பார்.

அவர்மேல் குற்றமில்லை. எந்தக் கிளையில் எவ்வளவு டெபாசிட், எவ்வளவு கடன் என்று புள்ளிவிவரம் திரட்ட 1972-ல் ரிசர்வ் வங்கி செய்த ஏற்பாடு அது. பேசிக் ஸ்டாட்டிஸ்டிகல் ரிட்டர்ன் என்பதன் சுருக்கம்தான் பிஎஸ்ஆர். அந்த எண்ணைத் தாங்கள் 2004-ல் தத்தெடுத்துச் சலானில் ஏற்றினீர்கள். கிளைக்கு 7, தேதிக்கு 8, வரிசை எண்ணுக்கு 5. இந்த 20 இலக்கமும் பொருந்தினால்தான் கட்டிய வரி கட்டியதாகும்.

இதில் பூஜ்யம் படுத்தும் பாடு தனி. ஸ்டேட் வங்கிக் கிளைகளின் பிஎஸ்ஆர் எண் பூஜ்யத்தில் தொடங்கும். ஆடிட்டர் ஆபீஸ் பையன் அதை எக்செல்லில் அடிக்கிறான். முன்னால் நிற்கும் பூஜ்யங்களுக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்த எக்செல், அவற்றை விழுங்கிவிடுகிறது. ஏழு இலக்கம் ஐந்தாகவோ நான்காகவோ நிற்க, தங்கள் மென்பொருள் ஏற்க மறுக்கிறது. ஐஎஃப்எஸ்சியிலோ கதை நேர்மாறு. அதன் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான். பிற்காலத் தேவைக்கென்று பஸ் சீட்டில் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். அதை ஆங்கில ‘ஓ’ என்று நினைத்து அடித்தவர்கள் எத்தனையோ பேர்.

வீட்டிலிருந்தே நெட் பேங்கிங்கில் கட்டினால் தீர்ந்ததா? அந்தச் சலானில் வருவது கணக்கு வைத்திருக்கும் கிளையின் எண்ணல்ல, வரி வசூலுக்கென்று வங்கி ஒதுக்கிய வேறொரு கிளையின் எண். தெரியாமல் சொந்தக் கிளையின் எண்ணை எழுதியவருக்கு, கட்டிய வரியையே கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும்.

தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றால் நாக்கு அழுகிவிடும். இப்போது சலான் விவரம் பெரும்பாலும் படிவத்தில் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் பணம் கட்டிச் சில நாள் ஆக வேண்டும். ஜூலை 31 மாலை கட்டி, அன்றிரவே தாக்கல் செய்பவர் 20 இலக்கத்தையும் கையால்தான் அடிக்கிறார். பணம் வந்து சேர்ந்தது தங்கள் கஜானாவில். எந்தக் கிளை வழியாக வந்தது என்று கொடுத்தவரையே கேட்கும் கடன்காரரை இந்த நாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது.

ரீஃபண்ட் கதை இன்னும் உருக்கமானது. 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27-ல் டிபிஎஸ் இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கிக்குள்ளும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கிக்குள்ளும் போயின. வாடிக்கையாளர் இருந்த இடத்திலேயே இருக்க, அவருடைய ஐஎஃப்எஸ்சி மட்டும் மாறியது. பழைய எண்ணோடு காத்திருந்தவரின் ரீஃபண்ட் தங்களிடமே திரும்பிப் போகும். அவர் கணக்கை மறுபடி சரிபார்த்து, மறுபடி மனுப் போட வேண்டும்.

ஆகவே மனுதாரர்கள் வேண்டுவது இரண்டே இரண்டு. சலானில் இருப்பதும் படிவத்தில் இருப்பதும் ஒரே பான் எண் என்பதால், வரி கட்டிய அன்றே அவற்றைத் தாங்களே பொருத்திக்கொள்ள வேண்டும். வங்கிகள் இணையும்போது புது ஐஎஃப்எஸ்சியையும் தாங்களே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஐஎஃப்எஸ்சி பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது.