சீட்டைக் காட்டலாமா?

தேவாரம் என்னும் ஊரின் தென்னந்தோப்பு நிழலில் மூணு சீட்டு ஆடுகிறவர்களுக்கு, எதிராளிகள் யாவரும் சீட்டைக் கவிழ்த்துவிட்ட பின் வென்றவர் தம் கையைத் திறந்து காட்ட வேண்டியதில்லை என்னும் விதி நன்றாகத் தெரிந்திருந்தும், ஒரு ஜோடிகூடச் சேராத இரண்டு, ஐந்து, ஒன்பதை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றி ஏற்றி மற்றவர்களை மிரட்டி வென்ற மகானுபாவர், அதை விரித்துக் காட்டாமல் எழுந்து போனதாகச் சரித்திரமே இல்லை. பணம் மடிக்குள் போய்விடுகிறது. கீர்த்திக்கோ சாட்சி வேண்டியிருக்கிறது. "பாத்தீகளாய்யா, வெறும் ஒம்பதுதான்!" என்று அவர் சிரிக்கும்போது, மிரட்டலின் சூட்சுமம் எதிரே இருப்பவர்களுக்கு இலவசப் பாடமாகிவிடுகிறது.

மாட்டுச் சந்தைத் தரகர் இவரினும் விவேகி. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்தபின், துண்டை விலக்கித் தொகையைச் சந்தைக்கெல்லாம் பிரகடனம் செய்த தரகரை எவரும் கண்டதில்லை.

ரம்மியும் போக்கரும் திறமைக்குரிய ஆட்டங்கள் என்று கூறி, இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் பிடியிலிருந்து 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை விடுவித்தபோது (2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்துவிட்டது வேறு கதை), மறைக்கத் தெரிவதும் அத்திறமையில் அடக்கம் என்பது நம் தோப்புக்காரர்களுக்கு எட்டவில்லை போலும்.

வென்றவர் சீட்டைக் காட்ட முன்வந்தால், வாசகரே, தயவுசெய்து தடுக்காதீர்கள். நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.