18-ஆ, 24-ஆ?

கேள்வி: லிட்டருக்கு 12 கி.மீ. தரும் பழைய காரை மாற்றப் போகிறோம். 18 தரும் பெட்ரோல் காரா, மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்து 24 தரும் ஹைபிரிடா?

பதில்: மாதம் 1,000 கி.மீ. ஓடும் குடும்பக் கார் என்றால் 18 போதும். 12-லிருந்து 18-க்கு ஏறினால் மாதம் 28 லிட்டர் மிச்சம். 18-லிருந்து 24-க்கு ஏறினால் 14 லிட்டர்தான். ஏற்றம் அதே ஆறு, லாபம் பாதி. லிட்டர் 100 ரூபாய் என்றால் அந்த மூன்று லட்சம் திரும்பிவரக் கிட்டத்தட்ட 18 வருடம். இன்று பிறந்த குழந்தை லைசென்ஸ் எடுத்துவிடும். பெட்ரோல் விலை ஏறாதா என்பீர்கள். 120 ஆனாலும் 15 வருடம், ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் காலம். தினம் நூறு கி.மீ. ஓடுபவருக்குக் கணக்கு வேறு. ஆறே வருடத்தில் போட்டது வந்துவிடும். விளம்பர மைலேஜோ ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி அளந்தது; ஏ.சி.யைக் கூட்டச் சொல்லும் பெரியப்பா அங்கே இல்லை.