தெரியும் சார்

ஒசாகா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய பேருந்து கடல்மேல் பாலத்தில் ஏறியதும் வழிகாட்டிப் பெண்மணி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாம் இப்போது இறங்கிய இடம் இயற்கையான நிலம் அல்ல..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும்," என்றது நான்காவது வரிசை. "கடல்ல மண்ணைக் கொட்டிப் பண்ணின தீவு. 1994ல திறந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா அமுங்கிக்கிட்டே இருக்கு."

பேருந்தில் இருந்த முப்பத்திரண்டு பேரும் ஒருமுறை திரும்பி, நாங்கள் வந்திறங்கிய இடம் இன்னும் தண்ணீருக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அந்தக் கணத்தில் அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. பயணம் முடியும்வரை 'தெரியும் சார்'தான். உண்மைப் பெயர் அறைச் சாவி கொடுக்கும் பட்டியலில் இருந்திருக்கும்.

முன்பெல்லாம் குழுச் சுற்றுலாவில் ஊறுகாய் ஜாடியோடு வருகிறவர் ஒருவர் இருப்பார். பிறகு, 'நாங்க அமெரிக்கா போனப்போ' என்று எதையும் ஆரம்பிக்கிறவர் வந்தார். இப்போது காலம் தெரியும் சாருடையது. மின்சாரத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கிளம்புவதற்கு முந்தைய ஆறு மாதமும் கூடத்து டிவியில் யூடியூபைப் போட்டு ஜப்பானைக் கரைத்துக் குடித்திருந்தார். "நான் சீரியல் பார்த்து ஆறு மாசமாச்சும்மா," என்று அவர் வீட்டம்மா என் மனைவியிடம் சொன்னபோது குரலில் வருத்தத்தைவிட அசதிதான் தெரிந்தது.

நாங்களெல்லாம் ஜப்பானைப் பார்க்க வந்தோம். அவர் சரிபார்க்க வந்தார். கண்ணெதிரே ஒரு கோபுரம் வந்தால் முதலில் கைப்பேசியில் அதே கோபுரத்தின் காணொளியை எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு, "ம், அதேதான்" என்று ஒப்புதல் கொடுத்த பிறகே அடுத்த அடி வைப்பார். கழிவறைக்கும் அவர்தான் அதிகாரி. முதல் நாளே மைக்கை வாங்கி, எந்தப் பொத்தானுக்கு எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வரும் என்று விளக்கினார். அன்று மாலையே ஒருவர் அவசர அழைப்புப் பொத்தானை அமுக்க, ஹோட்டல் சிப்பந்திகள் இருவர் கதவு வரை ஓடி வந்தார்கள். அந்தப் பொத்தான் சாரின் காணொளியில் இல்லையாம்.

இத்தனைக்கும் ஜப்பான் ஒத்துழைத்தது. ரயில் சொன்ன நிமிஷத்துக்கு வந்தது. தெருவில் குப்பைத் தொட்டி இல்லை, குப்பையும் இல்லை. ஒத்துழைக்காதது ஒன்றே ஒன்று. பூ.

நாங்கள் போனது 2024 மார்ச் 23ஆம் தேதி. அதற்கு முந்தைய வருஷம் டோக்கியோவில் மார்ச் 14ஆம் தேதியே செர்ரி பூத்துவிட்டது. வழக்கமாக 24ஆம் தேதி வாக்கில் பூக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்து 23 முதல் 29 வரை என்று நாள் குறித்திருந்தார் பயண ஏற்பாட்டாளர். விளம்பரத் தாளில் மரமெல்லாம் ரோஜா நிறம். கீழே எறும்பு ஊர்ந்தாற்போல ஒரு வரி: பூ மலர்வது இயற்கையைப் பொறுத்தது.

இயற்கைக்கும் சாரிடம் ஒரு கணக்கு இருந்தது. பிப்ரவரி 1ஆம் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால் 600 டிகிரி வரும் தறுவாயில் பூ பூக்கும் என்று ஜப்பானில் ஒரு வாய்ப்பாடு உண்டு. சார் எக்ஸெல்லில் தினமும் கூட்டியிருந்தார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, காலைக் காப்பிக்கு முன்னால், டோக்கியோவின் வெயிலைக் குறித்து வைத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். "600 எப்பவோ தாண்டிடுச்சு. பூத்திருக்கணும்," என்றார், கியோட்டோவில் மொட்டை மரங்களுக்கு நடுவில் நின்றபடி. பில்லுக்குப் பணம் கட்டியும் இணைப்புக் கொடுக்கப்படாத வாடிக்கையாளர் குரல் அது. எத்தனை பேர் அவரிடம் அந்தக் குரலில் பேசியிருப்பார்கள்!

நாங்கள் நின்ற இடம் 'தத்துவஞானியின் பாதை'. கால்வாய் ஓரமாக நிஷிதா கிதாரோ என்ற தத்துவப் பேராசிரியர் நடந்து சிந்தித்த வழி. இரு பக்கமும் செர்ரி மரங்கள். பூ இருந்தால் அந்தப் பாதையில் யாருக்கும் தத்துவம் தோன்றாது. எங்களுக்குத் தோன்றியது. கொடுத்த பணம் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் போன வருஷம் அனுப்பிய படங்கள் தோன்றின.

வழிகாட்டியை நாங்கள் கொடியக்கா என்று அழைத்துவந்தோம், கையில் எப்போதும் ஒரு மஞ்சள் கொடி இருந்ததால். அவர் இந்த மரங்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். "தெரியும்," என்று சார் முந்திக்கொண்டார். "சோமெய் யோஷினோ. ஜப்பான்ல முக்காவாசி இடத்துல பார்க்கிறது இதுதான். விதை போட்டு வந்ததில்ல, எல்லாமே ஒட்டுக்கன்னு. ஒரே மரத்தோட நகல். அதனாலதான் ஒரு ஊர்ல எல்லாம் சேர்ந்தாப்ல பூக்குது."

"அப்போ பூக்காட்டியும் எல்லாம் சேர்ந்துதான் பூக்காதுன்னு சொல்லுங்க," என்றார் அவர் வீட்டம்மா. தொழிற்சங்கத்தை நன்கு அறிந்த சார் பதில் சொல்லவில்லை.

கொடியக்கா எங்கள் முகங்களைப் பார்த்தார். மறுநாள் காலை, பட்டியலில் இல்லாத ஒரு சின்னக் கோயிலுக்கு அழைத்துப் போனார். மதில் மூலையில் ஒரே ஒரு மரம். கிளைகள் தலைகீழாகத் தொங்கி, நுனிவரை பூ. சீக்கிரம் பூக்கிற தொங்குகிளைச் செர்ரி. முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர் கல்யாணப் பந்தியில் கதவு திறந்தது போல ஓடினோம். வீட்டம்மா கிளைக்கு உள்ளேயே போய் நின்றுகொண்டார். பூ அவர் தோளில், கொண்டையில், மூக்குக் கண்ணாடியில்.

சார் வாசலிலேயே நின்றார்.

"வாங்க சார், படம் எடுக்கலாம்."

"இது வேற ரகம்," என்றார். "நாம பார்க்க வந்தது இது இல்ல."

பெண் பார்க்கப் போன இடத்தில் மூத்தவளைக் காட்டுகிறார்கள் என்ற முகம் அது.

அவரால் எங்களுக்கு உபகாரமே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். இரவில் இந்திய உணவகம் உறுதி என்று சொல்லியிருந்தார்கள், கொடுத்தார்கள். மதியச் சோற்றில்தான் சங்கடம். ஜப்பானில் கண்ணுக்கு மீன் தெரியாத சூப்பிலும் மீன் உண்டு. காய்ந்த மீனைச் சீவிக் காய்ச்சிய சாறுதான் அடிப்படை. சைவர்கள் ஐந்து பேர் வாழைப்பழத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, சார் எங்களை ஒரு மூலைக் கடைக்குள் கூட்டிப்போய் முக்கோணச் சோற்றுருண்டை அடுக்கின் முன்னால் நின்றார். ஜப்பானிய எழுத்து ஒன்றும் தெரியாது, ஆனால் இரண்டு படங்களை மனப்பாடம் செய்திருந்தார். "இந்த எழுத்து உப்புப் பழம். இது கடற்பாசி. மத்தது எதையும் தொடாதீங்க." பிரிப்பதற்கும் அவரே பாடம் எடுத்தார். உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும். 1ஐப் பிடித்து முதுகுவழியாகச் சுற்றிக் கிழிக்க வேண்டும், பிறகு 2ஐ வலப்பக்கம், 3ஐ இடப்பக்கம் உருவ வேண்டும். சோற்றுக்கும் பாசித்தாளுக்கும் நடுவில் இருந்த மெல்லிய பிளாஸ்டிக் மட்டும் கையோடு வந்துவிடும், தாள் மொறுமொறுவென்று சோற்றைக் கட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு புளிப்புப் பழம், நம் உப்பு நார்த்தங்காய்க்குத் தூரத்து அக்கா. ஐந்து பேரும் பேச்சில்லாமல் தின்றோம். முதல்முறையாக ஒருவர், "சார், உங்களுக்கு எப்படி இதெல்லாம்..." என்றார். சாருக்குக் காது சிவந்தது.

அந்தச் செல்வாக்கைப் புல்லட் ரயிலில் செலவழித்தார். கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு இரண்டே கால் மணி நேரம். ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கை. ஃபூஜி மலை நன்றாகத் தெரிவது ஈ என்ற ஜன்னலோரத்தில்தான். சாருக்கு வந்ததோ எதிர்க்கோடியில் இருந்த ஏ. நிறுத்தத்தில் ரயில் நிற்பது ஓரிரு நிமிடம். அந்த அவகாசத்தில் பெட்டி ஏற்றுவார்களா, பேச்சுவார்த்தை நடத்துவார்களா? நடத்தினார். புதுமணத் தம்பதியில் மாப்பிள்ளை எழுந்து கொடுத்துவிட்டான், பெண் இன்றுவரை மன்னித்திருக்க மாட்டாள். ஃபூஜி வர வேண்டிய நேரத்தில் சாம்பல் நிறத்தில் மேகம் வந்தது. சார் கண்ணாடியில் விரலை வைத்து, "இங்கதான் இருக்கு. இந்த இடத்துலதான்," என்று மேகத்தைக் காட்டினார். அதோடு விடாமல் கைப்பேசியில் ஃபூஜியைப் போட்டு, அதே இடத்தில் ஜன்னலோரம் பிடித்துக் காட்டினார். இருபது பேர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அதைப் படமும் எடுத்தார்.

டோக்கியோவில் மொழியாராய்ச்சி. தமிழன் ஜப்பானில் கால் வைத்தால் ஒன்று ரஜினியின் 'முத்து' 1998ல் அங்கே ஓடியது வெளிவரும், இல்லையென்றால் சுசுமு ஓனோ வெளிவருவார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு என்று நூல்கள் எழுதிய பேராசிரியர் அவர். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்றாலும் சுற்றுலாப் பேருந்துக்குள் அந்தக் கொள்கைக்கு எதிர்ப்பே கிடையாது. "உங்க பாஷையிலயும் வினைச்சொல் கடைசியில, எங்க பாஷையிலயும் கடைசியில," என்று கொடியக்காவிடம் ஆங்கிலத்தில் நிரூபித்தார் சார். "சோ தெஸ் கா," என்றார் கொடியக்கா. அப்படியா என்று அர்த்தம். ஆறு நாளில் இருநூறு முறையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேள்விப்பட்டதைப் போலச் சொல்லுவார். அதற்குத் தனிப் பயிற்சி இருக்கும் போலிருக்கிறது.

உவேனோ பூங்காவில் குளத்து நடுவே பென்சைத்தென் கோயில். "கையில் வாத்தியம் வைத்திருக்கும் இந்தத் தேவி..."

"தெரியும். நம்ம சரஸ்வதி."

திரும்பிப் பார்த்தால் வீட்டம்மா எப்போதோ செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கண்ணை மூடி நின்றார். பேத்திக்குப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது.

கடைசி நாள், மார்ச் 29. இரவு விமானம். அட்டவணையில் சிதொரிகாஃபுச்சி அகழி, அரண்மனைக்குப் பக்கத்தில் படகு விடுகிற இடம். மொட்டுகள் வாயைக் குவித்துக்கொண்டு நின்றன. இதற்குமேல் சாரைப் பிடித்து வைக்க முடியவில்லை. "பக்கத்துலதான் யசுகுனி. மாதிரி மரம் அங்கதான் இருக்கு. வானிலைத் துறை ஆளுங்க வந்து பார்ப்பாங்க. அஞ்சாறு பூ பூத்திருந்தா டோக்கியோ பூத்தாச்சுன்னு அறிவிப்பாங்க," என்றார். அந்தக் கோயிலின் போர்க்கால அரசியல் வேறு கதை, கொடியக்கா அதைத் தொடாமல் கொடியைத் தூக்கி முன்னால் நடந்தார்.

நோ நாடக மேடைக்கு அருகில் அந்த மரம். சுற்றிலும் தொலைக்காட்சிக் காமிராக்கள், முதியவர்கள், குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள். வானிலைத் துறை ஆட்கள் அந்த வாரம் முழுக்க வந்துபார்த்து இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். அன்றும் வந்தார்கள். அண்ணாந்து, கிளையை விரலால் சுட்டிச் சுட்டி எண்ணினார்கள். மொத்தக் கூட்டமும் மூச்சுவிடாமல் நின்றது. சாரும் எண்ணிக்கொண்டிருந்தார், வாய் அசைந்தது.

ஏதோ சொன்னார்கள். கைதட்டல். பூத்தாயிற்று.

"எனக்கு நாலுதான் வருது," என்றார் சார்.

நாங்கள் கைதட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்த ஓரத்துல இருக்கிறது மொட்டு. அதைப் பூவுல சேர்த்துட்டாங்க. மறுபடி எண்ணச் சொல்லுங்க."

கொடியக்கா குனிந்து வணங்கினார். மொழிபெயர்க்கவில்லை.

"அவங்க ஊர்ப் பூங்க. அவங்க சொன்னாச் சரிதான்," என்று வீட்டம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தில் கொடியக்கா கடைசியாக மைக்கை எடுத்தார். இன்னும் ஒரு வாரத்தில் எல்லா மரமும் நிறைந்துவிடும், அப்போது இந்த வழியெல்லாம்...

"தெரியும்," என்றது நான்காவது வரிசை. சத்தம் கொஞ்சம் குறைவு.

ஏப்ரல் 4 அன்று டோக்கியோ முழுமலர்ச்சி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சார் ஒரு யூடியூப் காணொளியை அனுப்பினார். அகழியின் இரு கரையிலும் பூ வழிந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே ஒரு குறிப்பு: "2:14இல் வலது ஓரம். நாம நின்ன இடம்." ஒன்றிரண்டு பேர் கும்பிடு போட்டார்கள்.

பத்து நிமிஷம் கழித்து வீட்டம்மாவின் எண்ணிலிருந்து ஒரு படம். தலைப்பு இல்லை, விளக்கம் இல்லை. கியோட்டோ கோயில் மூலையில், தொங்கும் கிளைகளுக்கு உள்ளே, தோளெல்லாம் பூவாக அவர். படத்தின் இடது ஓரத்தில், தூரத்து வாசலில், முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசியில் ஏதோ பார்க்கும் ஒருவர்.

குழுவே இதயக்குறியாக நிறைந்தது. அவற்றுக்கு நடுவே சாரின் பதிலும் வந்து விழுந்தது: "அது வேற ரகம்."